இரத்தம் நின்ற பிறகு

ஆபத்து கண்ணுக்குத் தெரியும்வரை நாம் விழித்திருக்கிறோம். அது மறைந்ததும் அயர்ந்துவிடுகிறோம். நோயாளியின் படுக்கையருகே இருந்தவர்கள் இதை நன்கறிவர்.

கல்லீரல் இறுகிய நோயால் வருந்திய என் அண்ணன் ஒரு நள்ளிரவில் இரத்த வாந்தி எடுத்தார். ஈரல் இறுகும்போது குடலிலிருந்து வரும் இரத்தம் அதனூடே எளிதில் செல்ல இயலாமல், வேறு வழி தேடி உணவுக்குழாயின் சிரைகளைப் புடைக்கச் செய்கிறது. அத்தகைய சிரை ஒன்று வெடித்திருந்தது. மருத்துவர் எண்டோஸ்கோப்பிக் குழாயைச் செலுத்தி, சிறு ரப்பர் வளையங்களால் அதைக் கட்டினார். இரத்தம் நின்றது. "பிழைத்துக்கொண்டார்" என்று உறவினர் கலைந்து சென்றனர்.

மருத்துவரோ, "இனி வரும் நாள்களில்தான் கவனம் வேண்டும்" என்றார். குழாயைச் செலுத்துமுன்பே கிருமிக்கு எதிரான ஊசியைப் போடச் செய்திருந்தார். குடலில் வாழும் கிருமிகள் இரத்தத்தில் பரவாமல் தடுப்பது கல்லீரலின் பணிகளுள் ஒன்று. இறுகிய ஈரலால் அது சரிவர முடிவதில்லை. இரத்தக்கசிவின்போது குடற்சுவரின் காவலும் தளர்கிறது. தொற்று பரவினால் சிறுநீரகம் பழுதுபடலாம். நின்ற இரத்தமும் மீண்டும் கசியலாம். கசிவு ஏதுமின்றி, முன்னெச்சரிக்கையாக வளையம் போட்டுக்கொள்பவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. வழக்கமாக அவர்களுக்கு இவ்வூசி தேவைப்படுவதில்லை.

பாரிசு நகர மருத்துவமனை ஒன்றில், இவ்வாறு சிரை வெடித்து வந்தவர்களுள் 1980இல் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் அங்கேயே இறந்தனர். 2000இல் அது 15க்கும் கீழே இறங்கியது. வளையம் முதலிய சிகிச்சைகளோடு, கிருமிகளை முன்கூட்டியே தடுத்ததும் இதற்குக் காரணம் என்று ஆய்ந்தவர்கள் எழுதினர்.

இத்தகைய நோயாளருக்குக் காய்ச்சல் இன்றியே தொற்று பரவக்கூடும். பேச்சில் தடுமாற்றம், வயிற்றுவலி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றைக் கவனிக்குமாறு செவிலியர் சொல்லியிருந்தார். மூன்றாம் நாள் மாலை அண்ணன் என்னை மறைந்த எங்கள் தந்தையென எண்ணி, "அப்பா, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியாயிற்றா?" என்று கேட்டார். உடல் சுடவில்லை. ஆயினும் செவிலியரை அழைத்தேன். வயிற்றில் தேங்கிய நீரை ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். அதில் வெள்ளணுக்கள் பெருகியிருந்தன. மருந்தை மாற்றினார்கள். சில நாள்களில் அண்ணன் என் பெயரைச் சரியாகச் சொன்னார்.

இரத்தத்தைக் கண்டு ஓடி வருவது எவருக்கும் இயல்பு. அது நின்றபின், கையைக் கழுவிவிட்டு அருகில் அமர்ந்து, ஒரு சொல் தடுமாறினாலும் கேட்டுக்கொண்டிருக்க ஒருவராவது வேண்டும். நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் நாம், கூட்டம் கலைந்த அந்நாள்களில் செல்வோமாக.