எஞ்சினுக்கு எண்ணெய்க் குளியல்!

சனிக்கிழமையானால் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் உடம்புச் சூடு தணியும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்லி வைத்திருக்கிறார்கள். நாமெல்லாம் அதை தீபாவளிக்கு ஒரு தடவை என்று சுருக்கிவிட்டோம். ஆனால் உங்கள் பைக் எஞ்சின் இருக்கிறதே, அது ஓடுகிற ஒவ்வொரு விநாடியும் எண்ணெய்க் குளியல்தான். சீயக்காய் ஒன்றுதான் பாக்கி.

இந்த ஞானம் எனக்கு வாய்த்தது என் தங்கை வீட்டுக்காரர் புண்ணியத்தில். மாப்பிள்ளைக்கு ஊர் அன்னவாசல். புதுக்கோட்டையிலிருந்து போனால் சித்தன்னவாசலைத் தாண்டி வருமே, அதே ஊர்தான். ஓவியம் பார்க்க வருகிறவர்கள் பாதிப் பேர் சித்தன்னவாசலோடு திரும்பிவிடுவார்கள். அன்னவாசலுக்கு வருவது பஸ்ஸும் வெயிலும்தான். வெயில் என்றால் சாதாரண வெயில் இல்லை. ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்கள் வழவழவென்று செதுக்கிய கல் படுக்கையில் படுத்துத் தவம் செய்தார்களாம். ஏப்ரல் மாதம் மதியம் அந்தப் பாறையில் ஏறி நின்று பாருங்கள். படுக்க வேண்டாம், நின்றாலே பாதி தவம் பலித்துவிடும்.

இந்த வெயிலில் மாப்பிள்ளை தினமும் இலுப்பூர் வழியாக விராலிமலைப் பக்கம் வேலைக்குப் போய் வருகிறார். வண்டி, பழைய 350 சி.சி. பைக். காற்றில் குளிருகிற எஞ்சின். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், குடும்பத்தில் சண்டை வரும்.

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர கார் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த போர்ஷே காரை மாப்பிள்ளை செல்போனில் பார்த்தார். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போச்சு.

"மச்சான், அந்த கார் 24 மணி நேரம் ஓடியும் எஞ்சின் ஜம்முனு இருக்கு. நம்ம வண்டி இலுப்பூர் தாண்டறதுக்குள்ள தொடையைச் சுடுது. காரணம் என்ன தெரியுமா? ஆயில் கூலர்!"

"உங்க வண்டிக்கும் அதுக்கும் என்ன மாப்ள சம்பந்தம்?"

"ரெண்டுலயும் எண்ணெய் இருக்குல்ல?"

பதில் சொல்ல முடியாத கேள்வி. நான்கு நாளில் பார்சல் வந்துவிட்டது. உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டி ரேடியேட்டர், இரண்டு ரப்பர் ஹோஸ், நாலைந்து போல்ட், எந்த மொழி என்று கண்டுபிடிக்க முடியாத ஒரு விளக்கத் தாள்.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம். கொட்டாவி விடாமல் கேளுங்கள். நீங்கள் ஊற்றுகிற பெட்ரோலின் சக்தியில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதி முழுக்கச் சூடு! அதில் ஒரு பகுதி சைலன்ஸர் வழியாகப் போகிறது. மிச்சத்தை எஞ்சினின் செதில்கள் (மெக்கானிக் பாஷையில் ஃபின்ஸ்) காற்றில் விடுகின்றன. காற்று எட்டாத உள்பக்கத்தில், பிஸ்டனுக்கு அடியில், வால்வு தலைமாட்டில் இருக்கிற சூட்டைச் சுமந்து வருகிற கூலிக்காரன்தான் எஞ்சின் ஆயில். வழவழப்புக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாவம், இரட்டை உத்தியோகம், ஒரே சம்பளம்.

அந்தக் கூலிக்காரனே சூடாகிப் போனால்? எண்ணெய் நீர்த்துவிடும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கிற மெல்லிய படலம் கிழியும். சூடு ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் எண்ணெய் கெடுகிற வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது ஒரு தோராயக் கணக்கு. ஆகவே கூலர் என்ற யோசனையில் தப்பே இல்லை. எண்ணெயை எஞ்சினுக்கு வெளியே கூட்டிப் போய், காற்று வாங்க வைத்து, திரும்ப உள்ளே அனுப்புவது. நாம் ஆபீஸில் டீ குடிக்க வெளியே போகிற மாதிரி.

போர்ஷே விஷயத்தில்தான் மாப்பிள்ளை கொஞ்சம் சறுக்கிவிட்டார். துபாயில் அவர் பார்த்த 911 தண்ணீரில் குளிருகிற கார். எண்ணெய்க் குளியலுக்குப் பேர் போனது பழைய 911. 1963-ல் உலகத்துக்குக் காட்டப்பட்டு, 1998 வரை காற்றில் குளிருகிற எஞ்சினோடு வந்த கார். எஞ்சின் பின்னால், காரின் வாலில் இருக்கும். பவர் ஏற ஏற, எஞ்சினோடு ஒட்டியிருந்த கூலர் போதவில்லை. 1969 மாடல் 911 எஸ் காரில் என்ன செய்தார்கள் தெரியுமா? எண்ணெயைப் பின்னாலிருந்து நீளமான குழாய் வழியாக முன்னால் கொண்டு வந்து, வலது முன் மட்கார்டுக்குள்ளே இன்னொரு கூலரை வைத்தார்கள். காற்று எங்கே நன்றாக அடிக்கிறதோ அங்கே!

நடுவில் ஒரு வாட்ச்மேனையும் போட்டார்கள். அவர் பெயர் தெர்மோஸ்டாட். எண்ணெய் ஏறக்குறைய 85 டிகிரி சூடு ஏறும்வரை முன்னால் இருக்கிற கூலருக்குக் கதவைத் திறக்க மாட்டார். ஏன்? எண்ணெய் ரொம்பக் குளிர்ந்தாலும் ஆபத்து. எரிகிற பெட்ரோலிலிருந்து பிறக்கிற ஈரம் எண்ணெயில் கலக்கும். நல்ல சூடு இருந்தால் ஆவியாகப் போய்விடும். இல்லையென்றால் உள்ளேயே தங்கி, மோர் கலந்த மாதிரி வெளுத்து, சேறாகும். ஆயில் டப்பாவில் 20W-50 என்று போட்டிருக்கிறதே, அதில் 50 என்பது 100 டிகிரி சூட்டில் எண்ணெய் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கான அளவு. அதாவது அந்தச் சூட்டில் வேலை பார்ப்பதற்கென்றே பிறந்த ஜீவன் அது. அதை ஐஸ்பெட்டியில் வைத்துக் கொஞ்சக் கூடாது.

மாப்பிள்ளை கிட்டில் வாட்ச்மேன் இல்லை. விலை குறைவுக்குக் காரணம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அன்னவாசலில் அவர் வழக்கமாகப் போகிற பட்டறை. நானும் கூடப் போனேன். தங்கையும் வந்தாள். அங்கிருந்து புதுக்கோட்டை ஜவுளிக்கடைக்குப் போவதாக ஏற்பாடு. மெக்கானிக் அண்ணன் கிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க மாட்டலாம்ங்கிறீங்க?"

"எஞ்சினுக்கு நேர் முன்னாடி அண்ணே. அங்கதான் காத்து நல்லா அடிக்கும்."

"அடிக்கும். ஆனா அந்தக் காத்து எஞ்சினுக்குல்ல வேணும்? மூக்குல துண்டைக் கட்டிவிட்டு ஓடச் சொல்ற மாதிரி இருக்கு."

பெரிய கம்பெனிகளே பட்டுத் தெரிந்துகொண்ட பாடம் இது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரில் எண்ணெய்க் கூலரை மின்விசிறிக் கூண்டுக்குள், மூன்றாம் சிலிண்டருக்குப் போகிற காற்றின் வழியிலேயே வைத்திருந்தார்கள். எண்ணெய் குளிர்ந்தது. கூலரின் சூட்டை வாங்கிக்கொண்ட காற்றோ நேராக மூன்றாம் சிலிண்டர் தலையில் இறங்கியது. அந்த ஒரு சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறியைச் சற்றுத் தாமதமாக்கி ஒப்பேற்றினார்கள். 1971 மாடலில்தான் கூலரைத் தள்ளி வைத்து, அதற்குத் தனிக் காற்றுவழி கொடுத்தார்கள். ஒருத்தனைக் குளிர வைக்க இன்னொருத்தன் தலையில் சூட்டைக் கொட்டுவது! கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும்.

மாப்பிள்ளை விடுவதாக இல்லை. "அப்ப 2007-ல வந்த பல்சர் 200-லயே ஆயில் கூலர் இருந்துச்சே? 2016-ல வந்த ஹிமாலயன்ல இருந்துச்சே? ஓசூர்ல செய்யற அப்பாச்சி 200-ல? அதெல்லாம் நம்ம ஊர் வெயில்ல ஓடலையா?"

"ஓடுது தம்பி. அதெல்லாம் எஞ்சின் வரையும்போதே கூலரையும் சேர்த்து வரைஞ்சது. பம்ப்பு எவ்வளவு தள்ளும், குழாய் எவ்வளவு தாங்கும்னு கணக்குப் போட்டது. உங்க வண்டிக்கு யாரு கணக்குப் போட்டா?"

அதுவரை ஸ்டூலில் உட்கார்ந்து தினத்தந்தி பார்த்துக்கொண்டிருந்த தங்கை நிமிர்ந்தாள். "அண்ணே, ஒரு சந்தேகம். ஓடிக்கிட்டிருக்கும்போது அந்தக் குழாய் பிச்சுக்கிட்டா என்ன ஆகும்?"

பட்டறையில் சட்டென்று சத்தம் நின்றது.

மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எண்ணெய் பீய்ச்சி அடிக்கும்மா. பின்னாடி டயர்ல பட்டா வண்டி வழுக்கும். அதுல தப்பிச்சாலும், எண்ணெய் இல்லாம எஞ்சின் சீஸ் ஆயிடும். கிளட்சைப் பிடிக்க நேரமில்லேன்னா பின்சக்கரம் அப்படியே நிக்கும்."

"பின்னாடி உட்கார்ந்திருக்கறது நான்தான்" என்றாள். அவ்வளவுதான். திரும்ப தினத்தந்திக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை முகத்தைப் பார்க்கணுமே! எத்தனை பேர் கூடி விவாதித்தாலும் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கிறவர் ஒருத்தர்தான் இருப்பார். பெரும்பாலும் அவர் பில்லியனில் உட்காருகிறவர்.

அண்ணன் அடுத்துச் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கிட்டை ஓரமாக வைத்துவிட்டு, "மொதல்ல எவ்வளவு சூடாகுதுன்னு பாப்போம்" என்றார். சமையல்கட்டில் கேக்குக்குள் குத்திப் பார்ப்பார்களே, அந்தக் குச்சி தெர்மாமீட்டர் ஒன்று வைத்திருந்தார். மாப்பிள்ளையை இலுப்பூர் வரை ஓட்டிவிட்டு வரச் சொல்லி, வந்ததும் டிப் ஸ்டிக் துவாரத்தில் விட்டுப் பார்த்தார். 127 டிகிரி. உண்மையிலேயே அதிகம்தான்! மாப்பிள்ளை முகத்தில் "நான் சொன்னேன்ல?" என்று ஒரு வெளிச்சம்.

"இருங்க. ஏன் ஏறுதுன்னு பாப்போம்." பார்த்தார். ஃபின்ஸ் இடுக்கெல்லாம் செம்மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து, கோயில் விளக்கு மாடம் மாதிரி அடைத்துக் கிடந்தது. ஆயில் குறைந்தபட்சக் கோட்டுக்கும் கீழே. சுமக்கிற கூலிக்காரர்களில் பாதிப் பேர் லீவு என்று அர்த்தம். கார்புரேட்டரில் மைலேஜுக்காக யாரோ பெட்ரோலை ரொம்பச் சுருக்கி வைத்திருந்தார்கள். அதுவும் சூட்டைக் கிளப்பும். ஃபின்ஸைத் தேய்த்துக் கழுவி, புது ஆயிலை அளவாக ஊற்றி, கார்புரேட்டரைச் சரி செய்தார். மறுபடி இலுப்பூர். மறுபடி தெர்மாமீட்டர். 106!

மொத்தச் செலவு அந்தக் கிட் விலையில் பாதிகூட இல்லை.

"அப்ப கூலரே வேணாம்ங்கிறீங்களா?" என்றார் மாப்பிள்ளை, மனசு கேட்காமல்.

"ரேஸ் ஓட்டறவன், முழு லோடோட மலை ஏறறவன், மணிக்கணக்கா ஒரே விரட்டு விரட்டறவன், அவனுக்கெல்லாம் வேணும். இத்தனையும் சரி பண்ணின பிறகும் 120, 130-ன்னு காட்டுச்சுன்னா உங்களுக்கும் போடுவோம். இப்ப எதுக்கு?"

மாப்பிள்ளை மாதிரி ஆசை உங்களுக்கும் இருந்தால், கிட் வாங்குவதற்கு முன்னால் இந்த நாலு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்று, சூட்டை அளந்தீர்களா? தொடை தெர்மாமீட்டர் இல்லை. தொடையில் அடிக்கிற அனலில் பெரும்பங்கு சிலிண்டர் ஹெட்டும் சைலன்ஸர் குழாயும் தருவது. கூலர் போட்டாலும் அது பெரிதாகக் குறையாது. இரண்டு, தெர்மோஸ்டாட் உண்டா? மூன்று, எஞ்சினின் காற்றை மறைக்காத இடத்தில், முன்சக்கரம் வீசுகிற கல் படாமல் மாட்ட முடியுமா? நான்கு, ஹோஸ் சூடான எண்ணெயின் அழுத்தத்தைத் தாங்கும் என்று எழுதிக் கொடுக்கிறார்களா? பெட்ரோல் ட்யூபை வெட்டி மாட்டுகிற ஆசாமியைக் கண்டால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது ஓடிவிடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. சாலை ரோடு டிராஃபிக்கில் ஊர்ந்து போகிறவருக்கு விசிறி இல்லாத கூலர் பெரிதாக உதவாது. காற்று அடித்தால்தானே குளிர!

கிட்டைத் திருப்பி அனுப்பியாகிவிட்டது. பணமும் வந்துவிட்டது. அதில் மாப்பிள்ளை தங்கைக்கு ஒரு நல்ல ஹெல்மெட்டும் தனக்கென்று ஒரு குச்சி தெர்மாமீட்டரும் வாங்கியிருக்கிறார். போன வாரம் போயிருந்தபோது என் முன்னால் காபியை வைத்தார்கள். குடிக்கப் போனேன்.

"இருங்க மச்சான்" என்று குச்சியை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எழுபத்தொண்ணு. தாராளமா குடிக்கலாம், கூலர் தேவையில்லை!"