படத்தில் பாட்டி எங்கே?

வாசகர்களே, மேருவிலிருந்து பத்துமலைக்குப் போய்வந்தவர்களின் படங்களைப் பாருங்கள். 2006-இல் திறக்கப்பட்ட 140 அடி முருகன் சிலை முழுசாக இருக்கும். அதன் காலடியில் குடும்பம் எறும்பு வரிசை!

சாதாரண கேமரா தூரத்து முகத்தை இழுத்துக் காட்டாது. சிலையை விட்டு நன்றாகத் தள்ளி வாருங்கள். வீட்டாரைக் கேமராவிலிருந்து ஐந்தாறு அடியில் நிறுத்தி, கேமராவை நெட்டாகப் பிடித்துச் சற்றுக் குனிந்து எடுங்கள். சிலையும் பின்னால் வந்துவிடும். உச்சிவெயில் ஆகாது, கண்ணெல்லாம் நிழலடித்துவிடும். 272 படி ஏறிய மூச்சு அடங்கட்டும். கை நடுங்கினால் படமும் கலங்கும்.

பாட்டியை ஓரத்தில் ஒதுக்காமல் நடுவில் உட்கார வையுங்கள். பால்மரம் வெட்டியே காலம் கழித்த எத்தனை பேருக்கு, அடையாளக் கார்டுப் படத்தைத்தானே பெரிதாக்கி மாலை போட்டோம்?

ஆமாம், அப்பா எந்தப் படத்திலும் இல்லையே? கேமராவை மூத்த பிள்ளையிடம் கொடுங்கள்.