வெள்ளையனுக்கு எடுத்து வைத்த பரங்கி

தங்கச்சிமடத்தில் அந்த அப்பத்தாவின் வீட்டில் எதுவும் வீணாகாது. மீந்த சோறு மறுநாள் நீராகாரம். மீன் கழுவிய தண்ணீர் தென்னைக்கு. காய்கறித் தோலும் வடிகஞ்சியும் கழுநீர்த் தொட்டிக்குப் போகும், பசு குடித்துவிடும். பசுவை விற்ற பிறகு, ஏழாம் வகுப்புப் படிக்கும் பேரனின் ஆசைக்காக இரண்டு முயல்கள் வந்தன. வெள்ளையன், சாம்பலி என்று அவனே பெயர் வைத்தான்.

2024 பொங்கலுக்கு வாங்கிய பரங்கிக்காய் ரொம்பப் பெரியது. கூட்டுக்குப் போக மீதியை அல்வா கிளறலாம் என்று வேகவைத்து மசித்தார் அப்பத்தா. விருந்தாள் வந்துபோன வேலையில் அது மறந்தே போனது. இரண்டு நாள் அடுப்படி மேடையிலேயே இருந்த மசியலில், மூன்றாம் நாள் லேசாகப் புளித்த வாடை. நமக்கு ஆகாது, வாயில்லா ஜீவனுக்கு ஆகும் என்று இரண்டு கிண்ணத்தில் போட்டு வைத்தார். வெள்ளையன் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. சாம்பலி இரண்டு கிண்ணத்தையும் நக்கித் தீர்த்தது.

அன்று இரவு சாம்பலி மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்தது. வயிறு மத்தளம்போல இறுகியிருந்தது. புழுக்கையே போடவில்லை. விடிந்ததும் கூடையில் வைத்துக்கொண்டு இருவரும் ராமநாதபுரம் பஸ் ஏறினார்கள். பாம்பன் பாலம் தாண்டும்போது மூச்சு இருந்தது. உச்சிப்புளி வருவதற்குள் அடங்கிவிட்டது.

"இறங்கிடலாம் அப்பத்தா" என்றான் பையன்.

"இன்னொண்ணு வீட்டுல இருக்குல்ல ராசா. அதுக்காகவாவது கேட்டுட்டு வருவோம்."

கால்நடை மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது கெடுதலாக இருந்தாலும் திரும்பி வர வழியில்லை. அதன் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்துச் சத்தாக்கித் தருகின்றன. திடீரென்று மாவும் இனிப்பும் நிறையப் போனாலோ, கெட்டது போனாலோ அந்தக் கணக்கு தப்பிவிடும். வாயு சேரும், குடல் ஓட்டம் நிற்கும். முயல் அரை நாள் சாப்பிடாமல் இருந்தாலே அவசரம்தான், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. புல்தான் அதற்குச் சோறு. ஓயாமல் வளரும் பல் தேய்வதற்கும் புல்தான் வேண்டும். பரங்கி கொடுக்கலாம், ஆனால் வாரம் இரண்டு தடவை, ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம்.

திரும்பும் வழி முழுக்க அப்பத்தா பேசவில்லை. வீட்டு வாசலில் மட்டும் சொன்னார்: "மாட்டுக்கு வைக்கிற மாதிரி வச்சுட்டேன்யா."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பரங்கி அறுத்தால் ஒரு முறை உண்டு. தாளிப்பதற்கு முன், உப்பும் வெல்லமும் படுவதற்கு முன், வெள்ளையன் பங்கு தனியாகிவிடும். அமாவாசையன்று யாரும் வாய் வைக்கும் முன்பே காக்கைக்கு எடுத்து வைப்பது போலத்தான். தோல், விதை, நார் நீக்கி, ஆவியில் வேகவைத்து, மசித்து, நன்றாக ஆறவிடுவார். ஃப்ரிட்ஜில் மூடி வைத்தது மூன்று நாளைக்கு. மீதி ஐஸ் தட்டில் குழிக்கு ஒரு கரண்டியாகப் போய் ஃப்ரீசரில் உறையும். உறைந்ததும் டப்பாவுக்கு மாற்றி, மேலே தேதி எழுதி ஒட்டுவது பேரனின் வேலை. இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வேண்டிய கட்டியை முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கிவிடுவார். இளகியதைத் திரும்ப உறையவைப்பதில்லை. கிண்ணத்தில் மிஞ்சினால் அரைமணி நேரத்தில் எடுத்துக் கழுவிவிடுவார். கடற்கரை வெக்கையில் சீக்கிரம் புளித்துவிடும்.

மழைக்கு முளைக்கும் அருகம்புல்லை அறுத்து, நிழலில் உலர்த்தி, கட்டுக் கட்டாகப் பரணில் ஏற்றினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

2024 நவம்பர் 20 அன்று மேகவெடிப்பு மழை கொட்டியது. ராமேஸ்வரத்தில் மட்டும் ஒரே நாளில் 41 செ.மீ. தீவு முழுக்க வெள்ளக்காடு. இந்த வீட்டு முற்றத்திலும் தண்ணீர் ஏறியது. முயல் கூண்டைக் கட்டிலின் மேல் தூக்கி வைத்தார்கள். மின்சாரம் போய், மறுநாள் இரவுதான் வந்தது. ஃப்ரீசரைத் திறந்தால் டப்பாவில் கட்டிகள் இல்லை. மஞ்சள் கூழாக இளகிக் கிடந்தது, இருபது நாளைக்கு மேல் வரும் பங்கு.

பேரன் முகர்ந்து பார்த்தான். "நல்லாத்தான் இருக்கு அப்பத்தா. வாடையே இல்ல."

அப்பத்தா டப்பாவை வாங்கி ஒரு நிமிடம் பார்த்தார். நீராகாரத்தைக்கூட ஒரு வாய் கீழே ஊற்றாதவர். முருங்கை மரத்தடிக்குப் போய் அவ்வளவையும் கொட்டினார்.

"எல்லாத்தையுமா?"

"கெட்டுச்சா கெடலையான்னு நமக்குத் தெரியாதுய்யா. தெரியாததை அதுக்குக் கொடுத்துப் பார்க்கக் கூடாது. அதால வாய் திறந்து சொல்ல முடியாதுல்ல."

பரணிலிருந்து ஒரு கட்டுப் புல் இறங்கியது. ஊரெல்லாம் நனைந்து கிடந்தபோது அது மட்டும் சலசலவென்று காய்ந்திருந்தது. வெள்ளையன் முன்னங்கால் இரண்டையும் அதில் ஊன்றிக்கொண்டு தின்ன ஆரம்பித்தது.

முற்றம் காய்ந்த பிறகு, கட்டிலுக்கடியில் முழுசாகக் கிடந்த பரங்கிக்காயை அப்பத்தா உருட்டி எடுத்தார். காம்போடு அறுக்காமல் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அரிவாள்மணையில் வைத்து முதல் கீற்றை அறுத்து ஓரமாக வைத்தார். பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தார்.