சிங்கப்பூரில் மூன்று நாட்களும் நான்கு மொழிகளும்

கொழும்பிலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேர விமானப் பயணத்தில் சிங்கப்பூரை அடைந்துவிடலாம். எனக்கும் என் துணைவியாருக்கும் அங்கே மூன்று நாட்கள் தங்கும் வாய்ப்பு அண்மையில் கிட்டியது. சுற்றுலா செல்வோர் யாவரும் பார்ப்பவற்றையே நாமும் பார்த்தோம். 1972 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட, 8.6 மீற்றர் உயரமான சிங்கத்தலை மீன் சிலை ஓயாமல் நீரை உமிழ்ந்துகொண்டிருந்தது. 2012 இல் திறக்கப்பட்ட வளைகுடாப் பூந்தோட்டத்தில், 50 மீற்றர் வரை உயர்ந்த செயற்கை மரங்கள் இரவில் ஒளிர்வதைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தோம். இவற்றைப் பற்றி எழுதுவோர் பலர் உளர். என் மனதைப் பற்றிக்கொண்டவை வேறு.

விமான நிலையத்தில் பணம் மாற்றியபோது கைக்கு வந்த தாளில் 'சிங்கப்பூர்' என்று தமிழிலும் அச்சிடப்பட்டிருந்தது. அதிலுள்ள உருவம் முதலாவது ஜனாதிபதி யூசுப் இஷாக்குடையது. 1939 இல் 'உத்துசான் மெலாயு' என்ற மலாய்ப் பத்திரிகையைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் அவர். பத்திரிகையாளர் ஒருவரின் முகத்தைப் பணத்தாளில் காண்பது எமது தொழிலில் உள்ளோருக்கு அரிய அனுபவம். பத்திரிகையாளரின் கையில் பணத்தைக் காண்பதே அரிது என்பது வேறு விடயம்!

இரண்டாம் நாள் காலை சீனர் பகுதியிலுள்ள சவுத் பிரிட்ஜ் வீதியில் நடந்தோம். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1826 இல் உருவாக்கிய ஜாமிஆ பள்ளிவாசல் அங்கே உள்ளது. சற்றுத் தள்ளி, 1827 இல் தோற்றம்பெற்ற மாரியம்மன் ஆலயம். மேலும் சில நிமிட நடையில், 2007 இல் திறக்கப்பட்ட புத்தரின் தந்ததாது விகாரை. மூன்றும் ஒரே வீதியில்! கண்டியையும் தம்புள்ளையையும் அறிந்த எமக்கு இந்த அயல் உறவு சாதாரணமாகத் தோன்றவில்லை. கோயில் வாசலில் நெடுநேரம் பேசாமல் நின்ற துணைவியார், "இஞ்சருங்கோ, இதுகள் ஒரு தெருவில இருக்கலாமெண்டு இவைக்கு ஆர் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. இந்த அமைதி தானாக வந்ததன்று. 1964 இல் மலாயரும் சீனரும் மோதிக்கொண்ட கலவரங்களில் இந்த நகரமும் இரத்தம் சிந்தியது. அடுத்த ஆண்டு தனிநாடானபோது, மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கையும் உத்தியோக மொழிகளாகச் சட்டத்தில் எழுதினர். அங்கே இந்திய வம்சாவளியினர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இலங்கையிலோ ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமிழ் பேசுபவர். ஆயினும் 1956 இல் சிங்களம் மட்டும் சட்டத்தை இயற்றிய எமது நாடு, தமிழும் உத்தியோக மொழி என்று எழுதுவதற்கு 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் வரை முப்பத்தொரு ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டுகளில் நாம் இழந்தவற்றை இங்கே கணக்கிட முடியாது.

வேதனை தருகின்ற வேறொரு செய்தியும் உண்டு. சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை 1966 இல் வரைந்தவர், 1915 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். இராஜரத்தினம். அவரும் பத்திரிகையாளராக இருந்து அரசியலுக்குச் சென்று, முதலாவது வெளிநாட்டமைச்சரானவர். இனம், மொழி, மதம் பாராது ஒன்றுபடுவோம் என்ற கருத்தமைந்த அந்த உறுதிமொழியைச் சிங்கப்பூர் மாணவர்கள் தம் பாடசாலைகளில் சொல்கின்றனர். அவர் பிறந்த மண்ணின் பிள்ளைகளுக்கு அப்படியொரு வாக்கைச் சொல்லிக் கொடுக்க எவரும் முன்வரவில்லை.

மாலையில் சிராங்கூன் வீதிக்குச் சென்றோம். 1935 இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' நாளிதழின் ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு, தேக்கா சந்தையின் உணவுக்கூடத்தில் அமர்ந்தேன். அடுத்த மேசையில் ஒரு மூதாட்டி தன் பேரனுக்குத் தோசையைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் கேட்டதெல்லாம் தமிழில். பேரன் பதில் சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில். பையனுக்குத் தமிழ் விளங்கியது. வாயில்தான் வரவில்லை.

அதுவரை எனக்குள் இருந்த மகிழ்ச்சி சற்றுத் தணிந்தது. சிங்கப்பூரின் குடிசனக் கணக்கெடுப்புகளின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2010 இல் 3.3 வீதமாக இருந்தனர். 2020 இல் 2.5 வீதமாகிவிட்டனர். அதே பத்தாண்டுகளில் ஆங்கிலம் 32.3 வீதத்திலிருந்து 48.3 வீதமாக உயர்ந்தது. பணத்தாளில் தமிழ் உண்டு, ரயில் நிலைய அறிவிப்பில் உண்டு, பாடசாலையில் உண்டு, நாளிதழும் உண்டு. அரசு செய்யக்கூடியவற்றுள் பலவற்றைச் செய்திருக்கிறது. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் எந்த மொழியில் பேசுவது என்பதை மட்டும் அரசு தீர்மானிக்க முடியாது.

எமது நிலை இதற்கு நேர்மாறானது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் வீட்டுக்குள் தமிழ் செழிப்பாகவே இருக்கிறது. வீதிக்கு வந்தால், எழுத்துக்கள் இடம்மாறிப் பொருள் சிதைந்த பெயர்ப்பலகைகள் எம்மை வரவேற்கின்றன. அவற்றைப் படம்பிடித்துப் பத்திரிகையில் போட்டே களைத்துப்போனோம். உரிமை கேட்டுப் போராடியவர்களுக்கு வீடு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. அது எப்போதும் இருக்கும் என்று நம்பினோம். புலம்பெயர்ந்த எம்மவரின் வீடுகளைப் பார்த்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

அன்றிரவு துணைவியார் ரொறன்ரோவிலுள்ள எங்கள் பேத்தியுடன் தொலைபேசியில் கதைத்தார். அங்கே காலை நேரம். "சாப்பிட்டாச்சோ அம்மா?" என்று கேட்டார். பதில் ஆங்கிலத்தில் வந்தது. வழமையாக அத்துடன் விட்டுவிடுபவர், அன்று அதே கேள்வியைத் தமிழில் மீண்டும் கேட்டார். மூன்றாம் முறையும் கேட்டார். சிறிது நேர மௌனத்தின் பின், "சாப்பிட்டிட்டன் அம்மம்மா" என்ற குரல் எனக்கும் கேட்டது.