ஒரே கை வரைந்த நாற்பது படங்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஒரு பால் கேன் வரையச் சொன்னார்கள். கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கங்களுக்காக எங்கள் ஸ்டுடியோ ஒரு செயலி செய்துகொண்டிருந்தது. காலையும் மாலையும் பால் ஊற்றுபவர்கள் தங்கள் கணக்கைத் தங்கள் போனிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். பால் கேன், மாடு, கன்று, தீவனம், ஊசி, பட்டுவாடா, கடன், பாஸ்புக் என்று மொத்தம் நாற்பது ஐகான்கள் தேவைப்பட்டன. மதுரையில் ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன இடம் அது. வரைவதற்கு நான், சொல்லிக்கொடுப்பதற்கு அண்ணாச்சி.

அண்ணாச்சி சிவகாசிக்காரர். இளவயதில் லித்தோ அச்சகங்களுக்குத் தீப்பெட்டி லேபிளும் பட்டாசுச் சுற்றுத்தாளும் வரைந்தவர். கம்ப்யூட்டர் வந்ததும் கோரல்டிரா கற்றுக்கொண்டு, அங்கிருந்து மெல்ல மெல்லத் திரைக்கு வரைய வந்தார். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத லேபிளில் ஒரு புலியையோ விளக்கையோ பார்த்தவுடன் தெரிய வைக்கிற வித்தை அவர் கையில் இருந்தது. "நிறத்துக்கு நிறம் தனித்தனியா அச்சடிப்பாங்கம்மா. தாள் கொஞ்சம் தள்ளிட்டாலும் மெல்லிசுக் கோடு காணாமப் போயிரும். கோட்டுக்குத் தெம்பு வேணும்" என்பார். இன்றைக்கும் நான் கோடு போடும்போது காதில் விழுவது அந்தச் சொல்தான்.

மூன்று நாளில் பன்னிரண்டு ஐகான் முடித்து, பெருமையோடு காட்டினேன். அண்ணாச்சி அவற்றை ஒரே ஏ4 தாளில் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினார். என்னை அறையின் மறுகோடிக்குப் போய் நிற்கச் சொன்னார்.

"இதை எத்தனை பேரு வரைஞ்சிருக்காங்க?"

"நான் ஒருத்திதான் அண்ணாச்சி."

"எனக்கு நாலு பேரு தெரியுறாங்களே."

தள்ளி நின்று பார்த்தபோது எனக்கும் தெரிந்தது. மாடு பக்கவாட்டில் நின்றது, உடம்பெல்லாம் புள்ளிகள், மடிகூட வரைந்திருந்தேன். பால் கேனை மேலிருந்து பார்ப்பதுபோல வாயை நீள்வட்டமாகப் போட்டிருந்தேன். ரூபாய் நோட்டு தட்டையாகக் கிடந்தது. ஊசி மட்டும் மெல்லிய கோட்டில் சரிந்து நின்றது. தனித்தனியே எடுத்தால் எதுவும் மோசமில்லை. சேர்ந்து நிற்கும்போது நாலு வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒரு ஐகான் வரைவது வேறு வேலை, ஐகான் செட் வரைவது வேறு வேலை என்பது அந்தச் சுவருக்கு முன்னால்தான் எனக்குப் புரிந்தது.

அடுத்த நாள் ஒரு கிராஃப் நோட்டு வாங்கி வரச் சொன்னார். 1984இல் வெளிவந்த மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்கு ஐகான்கள் வரைந்த சூசன் கேர் தொடங்கியதும் கிராஃப் தாளில்தான். 32-க்கு 32 கட்டம், மொத்தம் 1,024 சதுரங்கள். ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் சாம்பல் கிடையாது. அந்தக் கட்டுப்பாட்டுக்குள்தான் குப்பைத்தொட்டியும் சிரிக்கும் கம்ப்யூட்டரும் பிறந்தன. நானும் ஒரு வாரம் ஃபிக்மா மென்பொருளைத் திறக்காமல் பென்சிலால் கட்டம் நிரப்பினேன். மாட்டின் முகத்தில் எதை எடுத்தாலும் மாடாகவே இருக்கிறது, எதை எடுத்தால் நாயாகிவிடுகிறது என்று அழித்து அழித்துக் கண்டுபிடித்தேன். கொம்பும், பக்கவாட்டில் விரிந்த காதும், அகன்ற மூக்கும் போதும். கொம்பை எடுத்துவிட்டுக் காதைப் பெரிதாக்கினால் கன்று.

பிறகு சட்டம் எழுதினோம். எல்லாப் பொருளும் நேர்முகமாகவே நிற்கும். எல்லாம் 24-க்கு 24 அலகுப் பெட்டியில். சுற்றிலும் 2 அலகு காலியிடம், படத்துக்கு உள்ளே 20. கோட்டின் தடிமன் எங்கும் 2. கோட்டின் முனை உருண்டை. சாய்வு தேவைப்பட்டால் 45 பாகை, தவிர்க்க முடியாத இடத்தில் மட்டும் வேறு. 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு ஓட்ல் ஐஷர் வரைந்த விளையாட்டுக் குறிகளை அண்ணாச்சி திரையில் காட்டினார். ஓடுபவர், நீந்துபவர், குதிரையேறுபவர் எல்லோருடைய கைகாலும் கிடையாகவோ செங்குத்தாகவோ 45 பாகையிலோதான் நிற்கின்றன. வேறு வேறு விளையாட்டானாலும் எல்லாம் ஒரே குடும்பம் என்று பார்த்தவுடன் தெரிகிறது.

இதில் என்னை அசத்தியது ஒரு சின்னக் கணக்கு. கூகுளின் மெட்டீரியல் ஐகான்களுக்கான வழிகாட்டியில், 24 அலகுப் பெட்டிக்குள் வட்டத்துக்கு விட்டம் 20, சதுரத்துக்குப் பக்கம் 18, நிமிர்ந்த செவ்வகத்துக்கு 16-க்கு 20 என்று கொடுத்திருக்கிறார்கள். ஏன் எல்லாவற்றையும் 20 ஆக்கவில்லை என்று கேட்டேன். "பரப்பளவு போட்டுப் பாரு" என்றார் அண்ணாச்சி. போட்டேன். வட்டம் ஏறக்குறைய 314. சதுரம் 324. செவ்வகம் 320. சதுரத்தையும் 20 ஆக்கினால் 400 வந்துவிடும், பக்கத்தில் வட்டம் மெலிந்து தெரியும். கண் அகலத்தை அளப்பதில்லை, எடையை அளக்கிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பரப்பளவு இப்படி ஒரு நாள் வந்து நிற்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

கோட்டின் தடிமனிலும் இதே மாதிரி ஒரு கணக்கு உண்டு. 2 அலகு கொஞ்சம் தடிமன், 1.5 வைத்தால் நளினமாக இருக்கும் என்று வாதாடினேன். என் லேப்டாப்பில் நளினமாகத்தான் இருந்தது. ஆண்ட்ராய்டில் திரைக்குத் திரை அடர்த்தி மாறும். 1.5 மடங்குத் திரையில் 2 அலகுக் கோடு சரியாக 3 பிக்சல். 1.5 அலகுக் கோடு அதே திரையில் 2.25 பிக்சல். கால் பிக்சலைத் திரையால் வரைய முடியாது, ஓரத்தைச் சாம்பலாக இழுகிவிடும். சங்கத்து ஆட்கள் கையில் இருப்பது பெரும்பாலும் விலை குறைந்த போன்கள். நளினம் அங்கே கலங்கலாகிவிடும். 2 என்றே முடிவானது.

இனி அந்தப் பால் கேன். அதைப் பதினொரு முறை வரைந்தேன். உடம்பு 16 அலகு அகலம், உயரம் 20, நிமிர்ந்த செவ்வகத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. மேலே மூடி, அதன் கீழ் கழுத்து, கழுத்திலிருந்து 45 பாகையில் இறங்கும் தோள். சிக்கல் கைப்பிடியில் வந்தது. கழுத்து 8 அலகு அகலம் என்பதால் கைப்பிடிக்கும் கழுத்துக்கும் நடுவே 1 அலகு இடைவெளிதான் கிடைத்தது. போனில் பார்த்தால் அந்த இடைவெளி அடைந்துபோய்க் கேனுக்கு இருபக்கமும் கட்டி முளைத்ததுபோல இருந்தது. கைப்பிடியை எடுத்துவிட்டேன், கேன் மருந்து பாட்டில் ஆகிவிட்டது. உடம்பில் ஒரு வளையம் போட்டேன், கேஸ் சிலிண்டர் ஆனது. இரண்டு நாள் தூக்கத்திலும் கேன்தான்.

அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, "கேனை வரையாத. கேனுக்கு நடுவுல இருக்கிற வெளிச்சத்தை வரை" என்றார். கழுத்தை 8-லிருந்து 6-க்குக் குறைத்தேன். கைப்பிடிக்கு உள்ளே 2 அலகு வெளிச்சம் கிடைத்தது. கோடு 2 என்றால் இடைவெளியும் 2-க்குக் குறையக் கூடாது என்ற சட்டம் அன்றைக்குத்தான் எங்கள் தாளில் ஏறியது. நிஜக் கேனின் கழுத்து அவ்வளவு ஒல்லி இல்லைதான். ஆனால் ஐகானைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேன் என்றார்கள்.

கணக்குக்குப் பிறகு கண்ணும் பார்க்க வேண்டும். மாடு வளர்ப்பு வீடியோக்களுக்கு ஒரு பிளே முக்கோணம் வட்டத்துக்குள் இருந்தது. மென்பொருளின் 'நடுவில் வை' பொத்தானை அமுக்கியும் இடப்பக்கம் ஒதுங்கினாற்போலத் தெரிந்தது. 12 அலகு அகல முக்கோணத்தின் எடைமையம் அடிப்பக்கத்திலிருந்து 4 அலகில் இருக்கிறது, மென்பொருளோ 6-ஐ நடு என்று எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்குச் சரியாகும்வரை வலப்பக்கம் நகர்த்தினேன்.

இவ்வளவும் முடித்து, சங்கம் ஒன்றுக்கு எடுத்துப் போனோம். விடியற்காலை ஐந்தரை மணி. டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்குச்சட்டியோடு வரிசை நின்றது. காலைப் பாலுக்குச் சூரியன், மாலைப் பாலுக்குப் பிறை நிலா என்று வைத்திருந்தேன். ஒரு பாட்டி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "நிலா எதுக்கு தாயி? ராத்திரியில எவன் பால் பீச்சுறான்?" என்று கேட்டார். மாலைப் பால் வெயில் தாழுமுன்பே ஊற்றப்படுகிறது. அது எனக்குத் தெரியும், தெரிந்தும் வரையும்போது யோசிக்கவில்லை.

அடுத்து சங்கச் செயலாளர் கூப்பிட்டார். காலைப் பாலுக்கு நான் வைத்திருந்தது அடிவானத்தில் கதிர்களோடு எழும் பாதிச் சூரியன். தீவனத்துக்கு வைத்திருந்தது ஒரு காம்பில் இரண்டு இலை. அவர் மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, ஒண்ணு உதயசூரியன், ஒண்ணு இரட்டை இலை. இங்க எல்லாக் கட்சிக்காரனும் பால் ஊத்துறான். நாளைக்கே சண்டை வந்துரும்."

எனக்கு வியர்த்துவிட்டது. படத்தைப் பார்த்துப் படிக்கும் பழக்கத்தை இந்த மக்களுக்கு எந்தச் செயலியும் சொல்லித்தரவில்லை. 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நாட்டில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, சின்னத்தைப் பார்த்துத்தான் வாக்களித்தார்கள். அப்படி வந்த சின்னங்களில் பலவற்றைத் தேர்தல் ஆணையத்தில் பென்சிலால் வரைந்தவர் எம்.எஸ்.சேத்தி என்ற வரைவாளர். அவர் 1992இல் ஓய்வு பெற்றார். சுவரிலும் வாக்குச்சீட்டிலும் அந்தக் கோட்டுப்படங்களைப் பார்த்துப் பழகிய ஊர் என் ஐகானை எப்படிப் படிக்கும் என்று நான் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

தீவனம் மூட்டையானது. காலைக்கு முழுவட்டச் சூரியனும் மேல்நோக்கிய அம்பும், மாலைக்கு அதே சூரியனும் கீழ்நோக்கிய அம்பும் என்று மாற்றினோம். ஐகானுக்கு அடியில் 'காலை', 'மாலை' என்ற சொல்லையும் வைத்தோம். சொல் வைத்தால் ஐகான் தோற்றுவிட்டதாக ஆகுமே என்று வருத்தப்பட்டேன். "லேபிள்ல புலி இருந்தாலும் கீழ பேரு போடுவோம்மா" என்றார் அண்ணாச்சி.

பாலின் தரத்தைச் சொல்லும் ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பு அல்லாத திடப்பொருள்) இரண்டுக்கும் ஐகான் போடவே இல்லை. கொழுப்புக்குத் துளி போட்டால் சிலர் பால் என்கிறார்கள், சிலர் தண்ணீர் என்கிறார்கள். அந்த இரண்டு சொற்களும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூடப் பார்த்துப் பழகியவை. சொல்லே சின்னமாகிவிட்ட இடத்தில் படம் வேண்டாம். போனைத் தொடுவதோ பால் பட்ட ஈரக் கை, தடித்த விரல். அதனால் ஐகான் 24 அலகே இருந்தாலும் தொடும் இடத்தை 48 ஆக வைத்தோம். இளம் சாம்பல் நிறத்தையும் கைவிட்டோம். பின்னணிக்கும் ஐகானுக்கும் குறைந்தது 3-க்கு 1 மாறுபாடு வேண்டும் என்பது டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற அணுகல் நெறி, எங்கள் பழைய சாம்பல் அதில் தேறவில்லை.

கடைசியில் நாற்பதையும் மறுபடி ஒரு தாளில் அச்சிட்டு அதே சுவரில் ஒட்டினோம். அண்ணாச்சி மறுகோடியில் நின்று, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ஊசி மட்டும் கொஞ்சம் கனம். மத்தபடி ஒரே ஆளு" என்றார். ஊசியை அன்று மாலையே சரிசெய்தேன்.

வரையத் தெரிந்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஃபெதர் போன்ற இலவச ஐகான் தொகுப்புகள் 24 அலகுப் பெட்டியில், 2 அலகுக் கோட்டில்தான் இருக்கின்றன. எங்களுக்கு வேண்டிய பால் கேனை அவற்றில் தேடிக் கிடைக்காமல்தான் நாங்களே வரைய வேண்டியிருந்தது. ரேஷன் கடை, உழவர் சந்தை, நெல் மூட்டை, தறி, மீன் கூடை என்று நம் ஊர்ப் பொருள்களை அதே அளவில் வரைந்து எஸ்.வி.ஜி. கோப்பாக எல்லோருக்கும் திறந்து வையுங்கள். அடுத்து ஒரு கிராமத்துக்குச் செயலி செய்பவருக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.