வேகமான ரயில் நிற்காத ஊர்... கை மறந்தவர்கள் தேடிப்போகும் குட்டிக் கார் டிராக்!

டோக்கியோவிலிருந்து ஒசாகா பக்கம் போகும் புல்லட் ரயில்களில் 'நோசோமி'தான் அதிவேகம். ஷிசுவோகா மாகாணத்தில் புல்லட் ரயிலுக்கு ஆறு நிலையங்கள் இருக்கின்றன. ஆறில் ஒன்றில்கூட நோசோமி நிற்பதில்லை. மாகாணத்தின் தலைநகரான ஷிசுவோகா நகருக்குப் போக 'ஹிகாரி' பிடிக்க வேண்டும். சுமார் ஒரு மணி நேரம். அதைத் தாண்டி காகேகாவா வரை போவதென்றால், எல்லா ஊரிலும் நின்று நின்று போகும் 'கொடாமா' மட்டும்தான். வலப்பக்க ஜன்னல் சீட் கிடைத்து, வானமும் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலை தெரியும். அப்புறம் இரண்டு பக்கமும் தேயிலைத் தோட்டங்கள்.

உலகின் பெரிய பெரிய கார் ரசிகர்களுக்கு இத்தாலியும் ஜெர்மனியும் எப்படியோ, உள்ளங்கையில் ரிமோட் வைத்துக்கொண்டு குட்டிக் கார் ஓட்டுபவர்களுக்கு ஷிசுவோகா அப்படி. ஆர்.சி. கார் என்று சொல்வார்கள். ரேடியோ கன்ட்ரோல் என்பதன் சுருக்கம். பிறந்தநாளுக்கு வாங்கி, இரண்டாவது நாளே சக்கரம் கழன்றுவிடும் பொம்மையை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், டிஃபரன்ஷியல் எல்லாம் உள்ள, நிஜக் காரைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிய வண்டி. நம் ஊர் பொறியியல் கல்லூரி விழாக்களில் புகை கக்கிக்கொண்டு மண்ணில் பாயும் ஆர்.சி. கார்களைச் சிலர் பார்த்திருக்கலாம். அதே குடும்பம்தான்.

இந்த ஊருக்கும் குட்டிக் கார்களுக்கும் என்ன சம்பந்தம்? மரம்தான் சம்பந்தம். ஷோகன் தொகுகாவா இயெயாசு காலத்திலும் அதற்குப் பின்னும் கோட்டைக்கும் கோயிலுக்கும் வேலை செய்ய வந்த தச்சர்களும் அரக்குப் பூச்சுக் கலைஞர்களும் இங்கேயே தங்கிவிட்டார்கள் என்பது ஊர்க்காரர்கள் சொல்லும் கதை. அந்தக் கைகளின் வழியில் மர பொம்மைகள் வந்தன. பிறகு மர மாடல்கள், அதன் பிறகு பிளாஸ்டிக் மாடல்கள். டமியா, ஹசெகாவா, அவோஷிமா, ஃபுஜிமி என மாடல் உலகின் பெரிய பெயர்கள் பலவும் இந்த மாகாணத்துப் பெயர்களே. மே மாதம் இங்கே நடக்கும் ஹாபி ஷோவுக்குக் கூட்டம் அலைமோதும். பிளாஸ்டிக் கிட்டில் பாகங்கள் ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வருமே, அதே வடிவத்தில் ஒரு தபால்பெட்டியையே ஊருக்குள் நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால், இந்தக் கட்டுரை வெற்றியைப் பற்றியது அல்ல. ஜப்பானியர்கள் ஆங்கிலத்திலிருந்து எடுத்து அன்றாடப் பேச்சில் சேர்த்துக்கொண்ட 'சுரான்பு' என்ற சொல்லைப் பற்றியது. ஸ்லம்ப்தான் அது. எழுத்தாளருக்கு எழுத வராமல் போனாலும் சுரான்பு, பேஸ்பால் வீரருக்கு அடி விழாமல் போனாலும் சுரான்பு. நம் பாஷையில் 'ஃபார்ம் போச்சு'. 2019 நவம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை விராட் கோலி சர்வதேசப் போட்டிகளில் சதமே அடிக்கவில்லையே, அந்த மாதிரி.

ஆர்.சி. ஓட்டுநருக்கு இது வரும் விதம் கொஞ்சம் கொடூரமானது. காரணம், மறைக்க இடமே இல்லை. ஒவ்வொரு காரிலும் டிரான்ஸ்பாண்டர் என்ற சின்னக் கருவி இருக்கும். தளத்துக்கு அடியில் பதித்த கம்பியைக் கார் கடக்கும்போதெல்லாம் சுற்று நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பதிவாகிவிடும். பந்தயம் முடிந்ததும் தாளில் அச்சாகி வந்து நிற்கும். போன மாதம் ஓட்டியதைவிட இந்த மாதம் மெதுவாக ஓட்டினார் என்பதை எல்லோரும் படிக்கலாம். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கும் மனிதருக்கு அந்தத் தாள் என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். டிராக்குக்கு மகனைப் பழக்கிய அப்பா, மகனுக்குப் பின்னால் வர ஆரம்பிக்கும் மாதமாகவும் அது இருக்கலாம். பலர் சத்தமில்லாமல் பெட்டியைக் கட்டி, கார்களை விற்றுவிட்டு விலகிவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

விலகாதவர்கள் முதலில் செய்வது கடைக்கு ஓடுவது. புது மோட்டார், புது டயர், புது ஸ்பிரிங். அதோடு ஷாக்குக்கு வேறு கெட்டியான எண்ணெய், சக்கரத்தின் சாய்வில் ஒரு டிகிரி மாற்றம். ஐந்தையும் ஒரே மதியத்தில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்குத் தெரியும்? கார் ஓட்டுநரைக் குழப்ப, ஓட்டுநர் காரைக் குழப்ப, அடுத்த ஞாயிறு இன்னும் மோசமாகும்.

இந்த இடத்தில் ஷிசுவோகாவின் இன்னொரு கதையைச் சொல்லியாக வேண்டும். 1946-ல் மரக்கடையாகத் தொடங்கிய நிறுவனம் டமியா. 1951-ல் தீ விபத்தில் மரமெல்லாம் போனது. பிறகு மர மாடல்களில் கவனம் வைத்தார்கள். பிளாஸ்டிக் அலை வந்தது. 1960-ல் பெரிய முதலீட்டில் 'யமாட்டோ' போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தால், போட்டி நிறுவனம் அதே கப்பலைக் குறைந்த விலைக்கு விற்றது. பலத்த அடி. சின்னச் சின்ன பிளாஸ்டிக் ரேஸ் கார் பொம்மைகளை விற்றுத்தான் மூச்சு வாங்கினார்கள். அந்த மூச்சில் வந்ததுதான் பேந்தர் டாங்கி. உள்ளே பேட்டரியும் மோட்டாரும் உட்காரும் அளவைப் பார்த்து உடலின் அளவை முடிவு செய்தார்கள். அப்படி அமைந்த 1:35 என்ற விகிதம்தான் ராணுவ மாடல்களுக்கு உலகம் முழுக்க வழக்கமாகிப்போனது.

1976-ல் இவர்களின் முதல் ஆர்.சி. கார் வந்தது. போர்ஷே 934. அந்த மாடலைச் செய்வதற்காக நிறுவனத்தின் ஷுன்சாகு டமியா ஒரு நிஜ போர்ஷே 911-ஐ வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டுப் படித்தார் என்பது இந்த உலகில் ஏறக்குறைய புராணக் கதை. கடந்த 2025 ஜூலையில் 90 வயதில் அவர் மறைந்தபோது, உலகெங்கும் உள்ள ரசிகர்கள் தங்கள் முதல் கிட்டின் படத்தைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பிரித்துப் போட்டுப் படிப்பது. ஃபார்ம் இழந்த ஓட்டுநருக்கு டிராக்கில் உள்ள பெரியவர்கள் முதலில் சொல்வதும் அதைத்தான். சுணக்கம் கையில் இல்லாமல் காரில் இருக்கலாம். ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோவில் பல் தேய்ந்திருக்கும். ஒரு கீல் கம்பி மயிரிழை வளைந்து, சஸ்பென்ஷன் ஒரு பக்கம் மட்டும் சிக்கும். டிஃபரன்ஷியலுக்குள் மணல் கரகரக்கும். தினமும் ஓட்டுபவருக்கு இந்தத் தேய்மானம் கண்ணில் படாது. கார் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட, கையும் அதற்கேற்ப கொஞ்சம் கொஞ்சமாகத் தப்பாகப் பழகிவிடும். அதனால் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கடைசி ஸ்க்ரூ வரை கழற்றித் துடைத்து, கிட்டோடு வந்த கையேட்டில் உள்ள அளவுகளுக்கே திரும்பக் கட்டுவார்கள். இணையத்தில் பார்த்த சாம்பியனின் செட்டிங் எதுவும் வேண்டாம். கையேடு மட்டும்.

காகேகாவா ஷிசுவோகா நகரிலிருந்து சாதாரண ரயிலில் முக்கால் மணி நேரம். கோட்டையும் தேநீரும் பிரபலம். டமியாவின் ஆர்.சி. சர்க்யூட் இருக்கும் ஊரும் இதுதான். போகிறவர்கள் பயிற்சி நாளா, பந்தய நாளா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. பந்தய நாளில் புதிதாய் வருபவருக்கு முதலில் கண்ணில் படுவது ஓட்டுநர் மேடை. எல்லோரும் வரிசையாக உயரத்தில் நின்று, கீழே ஓடும் காரைப் பார்ப்பார்கள். எளிதாகத் தெரியும். ஆனால் கார் நம்மை விட்டு விலகிப் போகும்போது வலது என்றால் வலது. நம்மை நோக்கி வரும்போது காரின் வலது, நமக்கு இடது. ஒவ்வொரு சுற்றிலும் மூளை இதைப் பலமுறை புரட்டிப் போட வேண்டும். நம்பிக்கையோடு இருப்பவருக்கு இது தானாக நடக்கும். ஒரு முறை சுவரில் மோதிப் பயந்தவர் இதை யோசித்துச் செய்ய ஆரம்பிப்பார். யோசித்தால் போச்சு. சைக்கிள் ஓட்டும்போது எந்தக் கால் மிதிக்கிறது என்று யோசித்த மாதிரி.

பயந்தவரின் கண் எங்கே இருக்கும் தெரியுமா? தன் காரின் மேலேயே. கார் இப்போது இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால், வளைவு எப்போதும் திடீரென்றுதான் வரும். பார்வை காருக்குச் சில அடி முன்னால், அடுத்த திருப்பத்தில் இருக்க வேண்டும். சொல்வது சுலபம். மேடையில் நிற்கும்போது தோள் காது வரை ஏறியிருக்கும், மூச்சு நின்றிருக்கும். ஐந்து நிமிடப் பந்தயம் முடிந்த பிறகே பலருக்கு அது தெரியவரும்.

அடுத்தது கணக்கு. ஒரு சுற்றுக்கு 15 நொடி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நிமிடத்தில் 20 சுற்று. உயிரைக் கொடுத்து ஒவ்வொரு சுற்றிலும் 0.2 நொடி மிச்சம் பிடித்தால், மொத்த லாபம் 4 நொடி. அந்த வேகத்தில் ஒரே ஒரு முறை கார் கவிழ்ந்து, ஓரத்தில் நிற்பவர் ஓடிவந்து நிமிர்த்தி வைத்தால், அந்த 4 நொடியும் போய் மேலேயும் போகும். அதனால் மீண்டு வருபவர்கள் தாளில் வேகமான சுற்றைப் பார்ப்பதில்லை. வேகமான சுற்றுக்கும் மெதுவான சுற்றுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பார்கள். அதற்காக வேண்டுமென்றே ரிமோட்டில் ஸ்டியரிங் அளவையும் மோட்டார் சக்தியையும் குறைத்துக்கொண்டு, ஒரு பேட்டரி முழுக்க எதிலும் முட்டாமல் ஓட்டுவார்கள். பக்கத்தில் நிற்கும் பத்து வயதுப் பையன் விர்ரென்று முந்திப் போவான். போகட்டும் என்று விடுவதற்குத்தான் நிஜமான தைரியம் வேண்டும்.

ஓரத்தில் நிற்பவர் என்றோமே, அவர் சம்பளத்துக்கு வந்தவர் அல்ல. கார்னர் மார்ஷல். தன் பந்தயம் முடிந்த கையோடு, அடுத்த பந்தயத்துக்கு வளைவில் நின்று கவிழும் கார்களை நிமிர்த்துவது ஒவ்வொரு ஓட்டுநரின் கடமை. பலருக்கு இது சலிப்பான வேலை. ஃபார்ம் இழந்தவருக்கோ டிராக்கில் இதைவிட நல்ல வகுப்பு கிடையாது. மேடையிலிருந்து தெரியாதது வளைவில் நின்றால் தெரியும். நல்ல ஓட்டுநர் எங்கே மோட்டாரை விடுகிறார், எவ்வளவு சீக்கிரம் விடுகிறார், உள்விளிம்பை எந்த இடத்தில் தொடுகிறார் என எல்லாம் காலடியில் நடக்கும். சத்தத்திலேயே புரியும். தடுமாறுபவரின் மோட்டார் வளைவுக்குள் விட்டுவிட்டுக் கத்தும். நன்றாக ஓட்டுபவரின் மோட்டார் அடங்கி, பிறகு ஒரே மூச்சில் ஏறும்.

இன்னொரு வைத்தியமும் உண்டு. ஜப்பானில் பலருக்கும் செல்லமான மினி கூப்பர் உடலமைப்புள்ள சின்ன கார்கள். கிட்டோடு வரும் சாதாரண 540 வகை மோட்டார். முன்சக்கரத்தில்தான் இழுவை. ரேஸ் காரில் அவசரப்பட்டால் கார் சுழன்றுவிடும், கோபம் வரும். இந்த மினியில் வளைவுக்குள் அவசரமாக நுழைந்தால், அது அப்படியே வெளிப்பக்கமாக விலகிப்போகும், அவ்வளவுதான். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்தால் சமர்த்தாகத் திரும்பும். அரை டஜன் மினிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு திரும்பும்போது மேடையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். பல மாதமாகத் தாளைப் பார்த்து முகம் சுருங்கியவரும் அங்கே சிரிப்பார். பழைய 'ஹார்னெட்', 'கிராஸ்ஹாப்பர்' கார்களை டமியா மறுபடி வெளியிட்டபோது நாற்பதைக் கடந்தவர்கள் வாங்கிக் குவித்ததற்குப் பின்னால் பால்ய நினைவு மட்டும் இருந்திருக்காது என்று தோன்றுகிறது. எண்பதுகளில் வந்த அந்தக் கார்கள் எப்படி ஓட்டினாலும் துள்ளும், ஆடும். அவற்றிடம் யாரும் ஆயிரத்தில் ஒரு நொடியை எதிர்பார்ப்பதில்லை.

மாலையில் டிராக்கிலிருந்து ஷிசுவோகா நகருக்குத் திரும்பினால், அவோபா பக்கத்துச் சந்துகளில் ஓடென் கடைகள் விளக்கேற்றியிருக்கும். ஐந்தாறு பேர் உட்கார்ந்தாலே நிறையும் கடைகள். மாட்டு நரம்பில் கொதித்துக் கறுத்த குழம்பில் முட்டை, முள்ளங்கி, மீன் கேக் எல்லாம் குச்சியில் குத்தி ஊறிக்கொண்டிருக்கும். மேலே மீன் தூளும் கடல்பாசித் தூளும் தூவித் தருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் குச்சிகளை எண்ணித்தான் கணக்கு. அந்த மேசையில் மடித்த தாளைப் பிரித்துவைத்துச் சுற்று நேரங்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருப்பவர்களையும் பார்க்கலாம். விரல் முதல் வரியில் நிற்காது. பதினைந்து, பதினாறு, பதினேழாம் சுற்று. மூன்றும் கிட்டத்தட்ட ஒரே எண். இன்னொரு முள்ளங்கி கேட்பார்கள்.