உம்மாவின் அளவுக் கடதாசி

உயர்தர தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்துக்காக, திருகோணமலைத் துறைமுகத்தையும் சுற்றியுள்ள இடங்களையும் பற்றி ஓர் இணையப்பக்கம் செய்தேன். பிரட்ரிக் கோட்டை, கன்னியா வெந்நீரூற்று, புறாத்தீவு என்று 12 இடங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் நிறம், எழுத்தளவு, இடைவெளி எல்லாவற்றையும் தனித்தனியாக அந்தந்த இடத்திலேயே எழுதியிருந்தேன்.

ஒப்படைப்பதற்கு முதல் நாள் ஆசிரியை பார்த்துவிட்டு, "வெள்ளையில் இளநீலம் வாசிக்க முடியவில்லை, மாற்றுங்கள்" என்றார். மஃரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். முடித்துப் பார்த்தால் இரண்டு தலைப்புகள் இளநீலமாகவே நின்றன. இன்னொன்றில் எழுத்துச் சிறுத்துப் போயிருந்தது. அழுகை வந்துவிட்டது.

பக்கத்தில் அபாயா வெட்டிக்கொண்டிருந்த உம்மா விஷயத்தைக் கேட்டார். "ஒவ்வொரு உடுப்புக்கும் புதுசா அளவு கீறினா ஒண்டைப்போல ஒண்டு வராது மகள். கடதாசியில ஒருக்கா வெட்டி வைச்சா எத்தனை துணிக்கும் அதுதான்" என்றார்.

வகுப்பறையில் படித்தும் மனதில் பதியாதது அப்போது விளங்கியது. ஹோகோன் வியும் லீ 1994இல் முன்மொழிந்து, 1996 டிசம்பரில் நியமமான சி.எஸ்.எஸ். இதற்காகத்தான் வந்தது: உள்ளடக்கம் ஓரிடம், அதன் தோற்றம் இன்னோரிடம். தோற்றத்தை ஒரு 'கிளாஸ்' ஆக ஒருமுறை எழுதி, வேண்டிய இடங்களில் அதன் பெயரை மட்டும் குறித்தால் போதும். 'ஐடி' அடையாள அட்டை இலக்கம் போன்றது, ஒரு பக்கத்தில் ஒன்றுக்கே உரியது. கிளாஸ் எங்கள் வெள்ளைச் சீருடை போன்றது, எல்லோருக்கும் பொது. மாணவத் தலைவிக்கு வேறு சீருடை தைப்பதில்லை, அதே சீருடையில் சின்னம் ஒன்று கூடும். அப்படியே ஒரு தலைப்புக்கு இரண்டு கிளாஸ்களும் கொடுக்கலாம்.

முதலில் என் கிளாஸுக்கு 'நீலம்' என்று பெயர் வைத்தேன். நிறத்தைக் கரும்பச்சையாக்கியதும் பெயர் பொய்யானது. உம்மாவின் கடதாசிகளில் 'கை', 'கழுத்து' என்றுதான் எழுதியிருக்கும், துணியின் நிறம் இருக்காது. நானும் 'இடத்தலைப்பு' என்று மாற்றினேன்.

மறுநாள் ஆசிரியை நிறத்தை இன்னும் கொஞ்சம் கடுமையாக்கச் சொன்னார். ஒரே வரியைத் திருத்தினேன், 12 தலைப்புகளும் மாறின. அல்ஹம்துலில்லாஹ்!

கணினியில் வீணாக நேரம் போக்குகிறேன் என்று ஏசும் உம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப நீயும் தையல்தான் படிக்கிறாய்" என்று சிரித்தார்.